காணாத இனங்களின் கணக்கு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் சமையலறையில் பிறந்த பழமொழி. மாதிரி எடுத்துப் பார்க்கும் கலையை இதனினும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. அரிசி மண்டியிலே வியாபாரி மூட்டையின் வயிற்றில் குத்தூசியைச் செருகி, விழுந்த ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து விலை பேசுவதும் இந்த நியாயத்தைக் கொண்டுதான். ஆனால் இந்நியாயம் செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பானைக்குள் இருப்பது ஒரே அரிசி. அது வெந்தது ஒரே தண்ணீரில். அப்படியின்றி, பானைக்குள் ஆயிரம் வகைத் தானியங்கள் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சில வகைகள் படிக்கணக்கில் உள்ளன. சில வகைகள் ஒன்றிரண்டு மணிகளே உள்ளன. இப்பானையில் மொத்தம் எத்தனை வகைகள் என்று அறிய ஒரு சோறு போதாது. ஓர் அகப்பைச் சோறும் போதாது. எத்தனை அகப்பை போதும்?

காட்டிலும் கடலிலும் உயிரினங்களைக் கணக்கிடப் புகுந்தவர்களை நூறாண்டுகளாக வாட்டிவரும் வினா இதுவே. இதற்கு விடை தேடியவர்களின் வரலாற்றைச் சற்றே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இவ்வரலாற்றில் உயிர் நூலாரைவிட மற்றையோரே மிகுதியாக வருவர்; ஒரு ரசாயனி, ஒரு கண்ணாடித் தொழில் வல்லுநர், பகைவரின் மறைமொழியை உடைத்தவர் இருவர் என்று இப்படி.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1937இல் பேராசிரியர் மகலனோபிஸ் வங்காளத்தில் சணல் பயிரிட்ட நிலப்பரப்பை மாதிரி முறையால் அளவிடத் தொடங்கினார். எத்தனை வயல்களைப் பார்த்தால் எவ்வளவு பிழைக்குள் விடை கிடைக்கும் என்பதை அவரால் முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. பிழையைப் பாதியாக்க வேண்டுமா, நான்கு மடங்கு வயல்களைப் பாருங்கள் என்று புள்ளியியல் துணிந்து சொல்லும். இனங்களின் எண்ணிக்கைக்கு இத்தகைய எளிய விதி கிடையாது. சணல் வயலில் நாம் அளப்பது சராசரி. பார்க்காத வயலும் பார்த்த வயலைப் போன்றதே. இன எண்ணிக்கையில் நாம் அளக்க வேண்டியதோ, இதுவரை கண்ணிற் படாதவற்றை. கண்ணிற் படாதவை அரியவை. அரியவை ஆனமையாலேயே படவில்லை. எனவே கண்டவற்றின் சராசரி காணாதவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தாவர நூலார் இத்தொல்லைக்கு ஒரு நடைமுறை வழி கண்டிருந்தனர். புல்வெளியில் ஒரு சதுர மீட்டரை அளந்து அதிலுள்ள செடியினங்களை எழுதிக்கொள்வர். பிறகு இரண்டு சதுர மீட்டர், நான்கு, எட்டு என்று பெருக்கிக்கொண்டே போவர். புதிய இனங்கள் வருவது தளர்ந்து, வரைகோடு படுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்வர். அதற்குக் ‘குறைந்த அளவுப் பரப்பு’ என்று பெயரும் வைத்தனர். வழி எளியதுதான். ஆனால் கோடு உண்மையிலேயே படுக்கிறதா? 1921இல் சுவீடன் நாட்டு ஓலாப் அரேனியஸ், பரப்பு குறிப்பிட்ட மடங்கு பெருகுந்தோறும் இனங்களும் குறிப்பிட்ட மடங்கு பெருகுகின்றன என்று எழுதினார். நோபல் பரிசு பெற்ற ரசாயன மேதை ஸ்வாந்தே அரேனியஸின் மகன் இவர். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஹென்றி கிளீசன், மடங்கு அன்று, ஒவ்வொரு பெருக்கத்திற்கும் ஒரே எண்ணிக்கையில் புதிய இனங்கள் கூடுகின்றன என்று மறுத்தார். இருவருள் யார் சொல்வது சரி என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. நமக்கு அதைவிட முக்கியமானது, இருவர் கோடும் எங்குமே படுப்பதில்லை என்பது. கோடு படுத்துவிட்டது போலத் தோன்றுவது பெரும்பாலும் நாம் வரையும் தாளின் அளவைப் பொறுத்த மயக்கம். தாளை நீட்டிப் பிடித்தால் அதே கோடு ஏறிக்கொண்டிருக்கும்.

இனி மலேயாவுக்கு வருவோம். அங்கே ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் அலெக்ஸாண்டர் ஸ்டீவன் கார்பெட் என்ற ஆங்கிலேயர் பணியாற்றினார். குமாவூன் மலையில் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் வேறு, இவர் வேறு. இவர் ரசாயனம் கற்றவர். வெப்ப நாட்டு மண்ணில் நடக்கும் உயிர்வினைகளை ஆராய்ந்து நூல் எழுதியவர். நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிப் பால்மரம் வெட்டச் சென்ற ரப்பர்த் தோட்டங்களின் காலம் அது. தோட்டங்களுக்கு அப்பால் இன்னும் காடு இருந்தது. அக்காட்டின் வண்ணத்துப்பூச்சிகளில் கார்பெட்டுக்குத் தீராத காதல். பெண்டில்பரி என்பவரோடு சேர்ந்து 1934இல் மலாய்த் தீபகற்பத்தின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டு இன்றும் அத்துறைக்கு மூலநூலாக இருக்கிறது.

சேகரிப்பவர்கள் வழக்கமாக இனங்களின் பெயரை எழுதுவார்கள். அரியது கிடைத்தால் மகிழ்வார்கள். எங்கும் பறக்கும் எளியதைக் கண்டால் வலையை வீசவும் மாட்டார்கள். கார்பெட் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வோர் இனத்திலும் எத்தனை பூச்சிகள் கிடைத்தன என்பதையும் எழுதி வைத்தார். இந்தச் சிறிய பழக்கத்தினால்தான் அவர் பெயர் வண்ணத்துப்பூச்சி என்றால் என்னவென்றறியாத கணிதப் பேராசிரியர்களின் வகுப்பறையில் இன்றும் ஒலிக்கிறது. அவர் கண்ட இனங்கள் 620. அவற்றுள் ஒரே ஒரு பூச்சியாகக் கிடைத்த இனங்கள் 118. இரண்டு பூச்சிகள் கிடைத்தவை 74. மூன்று கிடைத்தவை 44. நான்கு கிடைத்தவை 24. ஐந்து கிடைத்தவை 29. ஆறு கிடைத்தவை 22. இப்படியே இறங்கி, இருபத்துநான்கு பூச்சிகள் கிடைத்த இனங்கள் 3 மட்டுமே. இருபத்துநான்குக்கு மேல் கிடைத்த இனங்கள் 119.

இவ்வெண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஐந்தில் ஓரினம் ஏறத்தாழ ஒரே ஒரு முறை வலையில் விழுந்தது. அந்த ஒரு பூச்சி அன்று வேறு திசையில் பறந்திருந்தால் அவ்வினமே பட்டியலில் இல்லை. அப்படியானால், வேறு திசையில் பறந்து தப்பிய இனங்கள் எத்தனை? அவற்றை நாம் காணவில்லை. ஆனால் தப்பும் தறுவாயில் அகப்பட்ட 118 இனங்களைக் கண்டிருக்கிறோம். அகப்பட்டும் அகப்படாமலும் இருந்த இந்த ஒற்றைகளே, அகப்படாதவற்றைப் பற்றிச் சாட்சி சொல்ல வல்லவை.

கார்பெட் இவ்வெண்களை எடுத்துக்கொண்டு ரொனால்ட் பிஷரிடம் சென்றார். இருபதாம் நூற்றாண்டுப் புள்ளியியலின் தந்தையென்று பிஷரைச் சொன்னால் அது மிகையாகாது. ‘இதுவரை உழைத்த காலத்திற்குச் சமமான காலம் மீண்டும் மலேயாவில் உழைத்தால் எனக்குப் புதிதாக எத்தனை இனங்கள் கிடைக்கும்?’ என்று கார்பெட் அவரிடம் கேட்டதாகப் புள்ளியியல் நூல்கள் கதை சொல்கின்றன. கதை எவ்வாறாயினும், கேள்வி அமைந்திருக்கும் முறை மிகப் புத்திசாலித்தனமானது. மொத்தம் எத்தனை என்று கேட்கவில்லை. இன்னும் இவ்வளவு உழைத்தால் எத்தனை என்றே கேட்கிறது. முதற் கேள்விக்குக் கடவுளே விடை சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு மனிதன் சொல்ல முயலலாம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் சி. பி. வில்லியம்ஸ் என்ற பூச்சி நூலறிஞர் இருந்தார். இவர் வலை வீசவில்லை. விளக்கை ஏற்றி வைத்தார். விளக்கைத் தேடி வரும் அந்துப்பூச்சிகள் உள்ளே விழும்படி ஒரு பொறியை அமைத்து, 1933 முதல் நான்கு ஆண்டுகள் இரவுதோறும் விழுந்தவற்றை எண்ணினார். வலை வீசும் மனிதனுக்கு ஆசையும் அலுப்பும் உண்டு. விளக்குக்கு அவை இல்லை. 1935ஆம் ஆண்டில் மட்டும் விழுந்த அந்துகள் 6,814, இனங்கள் 197. அவற்றுள் ஓரினம் மட்டும் 1,799 பூச்சிகள்! ஆறே இனங்கள் மொத்தத்தில் பாதியை அடைத்துக்கொண்டன. மறுகோடியில் 37 இனங்கள், இனத்துக்கு ஒரே ஒரு பூச்சி. வெப்பக் காட்டின் வண்ணத்துப்பூச்சிக்கும் குளிர்நாட்டு வயலோரத்து அந்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் பட்டியலின் உருவம் ஒன்றே.

1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, பிஷர், கார்பெட், வில்லியம்ஸ் மூவரும் சேர்ந்து விலங்குச் சூழலியல் இதழொன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு பகுதியைக் கார்பெட்டும், ஒரு பகுதியை வில்லியம்ஸும், கணிதப் பகுதியைப் பிஷரும் எழுதினர். மூன்று பகுதியும் சேர்ந்து பதினேழே பக்கங்கள். பிஷர் கண்ட விதியை மடக்கைத் தொடர் என்பர். ஒற்றைகளாக வரும் இனங்கள் இத்தனை என்றால், இரட்டைகள் ஏறக்குறைய அதில் பாதி, மும்மைகள் மூன்றில் ஒரு பங்கு, நான்காக வருபவை நான்கில் ஒரு பங்கு என்று அத்தொடர் இறங்கும். அத்தொடருக்கு ஆணிவேராக ஓர் எண் உண்டு. அதற்கு ஆல்பா என்று பெயர். மாதிரி சிறிதாயினும் பெரிதாயினும் ஒரே இடத்தில் ஆல்பா பெரும்பாலும் மாறாது. மாதிரி பெரிதாக இருக்கும்போது ஒற்றைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஆல்பாவுக்குச் சமமாக இருக்க வேண்டும். 1935ஆம் ஆண்டுக் கணக்கில் ஆல்பா 38. கண்ட ஒற்றைகள் 37. இவ்வளவு நெருங்கி வருவதில் நற்பேறும் சிறிது கலந்திருக்கும் என்பது என் எண்ணம். எனினும் கணக்கு அறிந்தவர் மனம் மகிழாமல் இராது.

இவ்விதி நம் வினாவுக்கு ஒரு விடை தருகிறது. மாதிரியை இரு மடங்காக்கும்போதெல்லாம் புதிதாகக் கிடைக்கும் இனங்கள் ஆல்பாவில் பத்தில் ஏழு பங்கு. நான்கு ஆண்டுகளில் வில்லியம்ஸுக்கு விழுந்த அந்துகள் 15,609, இனங்கள் 240, ஆல்பா 40. எனவே இன்னும் 28 இனங்களைக் காண அவர் மேலும் நான்கு ஆண்டுகள் விளக்கேற்ற வேண்டும். அதற்கடுத்த 28 இனங்களுக்கு எட்டு ஆண்டுகள். அதற்கடுத்த 28க்குப் பதினாறு ஆண்டுகள். முதலாண்டில் இலவசமாக வந்து விழுந்த செல்வம், பிற்பாடு ஒரு தலைமுறை உழைப்பைக் கேட்கிறது. கிளீசன் செடிகளில் கண்டதும் இதுவேயன்றோ! இவ்விதியில் ஒரு குறை உண்டு. இதற்கு முடிவே இல்லை. முடிவிலாக் காலம் விளக்கேற்றினால் முடிவிலா இனங்கள் விழும் என்கிறது. இங்கிலாந்தில் அத்தனை அந்துகள் ஏது?

அக்குறையைத் தீர்க்க வந்தவர் பிராங்க் பிரஸ்டன். அவர் பிழைப்பு கண்ணாடித் தொழில் ஆராய்ச்சி; அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் அதற்கென ஆய்வுக்கூடம் நடத்தியவர். பறவைகள் பொழுதுபோக்கு. 1948இல் அவர் எழுதிய கட்டுரை, இனங்களை இரட்டிப்பு முறையில் அடுக்கிப் பார்த்தது: ஒன்றிலிருந்து இரண்டு வரை ஒரு படி, இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு படி, நான்கிலிருந்து எட்டு வரை ஒரு படி. அப்படிகளுக்கு அவர் இட்ட பெயர் சங்கீதத்திலிருந்து வந்தது. நாம் ஸ்தாயி என்போம். அப்படி அடுக்கினால் இனங்களின் எண்ணிக்கை ஒரு குன்று போல ஏறி இறங்குகிறது. ஆனால் மாதிரி சிறிதானால் குன்றின் இடப்புறம் தெரிவதில்லை. அங்கே ஒரு திரை தொங்குகிறது என்றார் பிரஸ்டன். திரைக்கு அப்பால் இருப்பவை ஒரு பூச்சி அளவுக்குக்கூட மாதிரியில் இடம்பெறாத அரிய இனங்கள். மாதிரியை இரட்டித்தால் திரை ஒரு ஸ்தாயி விலகும். மீண்டும் இரட்டித்தால் மற்றொரு ஸ்தாயி. குன்றின் மறுசரிவு தெரிந்துவிட்டால், திரைக்குப் பின்னுள்ள மிச்சத்தைக் கணக்கிட்டுவிடலாம். இஃது அழகிய கற்பனை. குன்று இருபுறமும் ஒத்த வடிவுடையதுதானா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, வேறோரிடத்தில் இதே கணக்கை மிக இரகசியமாக ஒருவர் போட்டுக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகையில் ஜெர்மன் கடற்படையின் எனிக்மா மறைமொழியை உடைக்கும் குழுவை நடத்திய ஆலன் டூரிங்தான் அவர். ஜெர்மானியர் ஒரு குறிப்பேட்டிலிருந்து மூன்றெழுத்துக் குழுக்களைத் தேர்ந்து பயன்படுத்தினர். இதுவரை சில குழுக்கள் பலமுறை வந்துள்ளன, சில ஒரு முறை வந்துள்ளன. அடுத்து வருவது இதுவரை வராத குழுவாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? மூன்றெழுத்துக் குழு என்பதை நீக்கி வண்ணத்துப்பூச்சி என்று போட்டால் கார்பெட்டின் கேள்வியே. டூரிங் கண்ட விடை குழந்தையும் நினைவில் வைக்கத்தக்கது. ஒரே ஒரு முறை வந்தவற்றின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். அடுத்தது புதியதாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ அதுவே. அவருக்கு உதவியாளராக இருந்த ஐ. ஜே. குட் இதனை விரித்து 1953இல் வெளியிட்டார். மறைமொழி வேலையைப் பற்றி அப்போது வாய் திறக்க இயலாது. ஆகவே அக்கட்டுரை உயிரினங்களைப் பற்றியது போலவே உலகுக்கு வந்தது. அதில் டூரிங்குக்குரிய பெருமையைக் குட் மறைக்கவில்லை.

ராத்தம்ஸ்டெட் விளக்குக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 1935இன் முடிவில் 37ஐ 6,814ஆல் வகுத்தால், 184 அந்துகளுக்கு ஒன்று வீதம் புதிய இனம் வரும். இப்போது நம் வினா வாணிபக் கணக்காகிவிடுகிறது. ஒரு புதிய இனத்துக்காக 184 அந்துகளை எண்ணிப் பெயரறிய உங்களுக்கு நேரமும் பொருளும் உண்டா? உண்டேல் தொடருங்கள்; இல்லையேல் நிறுத்துங்கள். ஆனால் நிறுத்தும்போது எதைக் காணாமல் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

1956இல் குட், ஜி. எச். டூல்மினுடன் சேர்ந்து, அதே காலம் மீண்டும் உழைத்தால் கிடைக்கும் புதிய இனங்களுக்கு வழி சொன்னார். ஒற்றைகளை எழுது, இரட்டைகளைக் கழி, மும்மைகளைக் கூட்டு, நான்குகளைக் கழி, இப்படியே கூட்டியும் கழித்தும் போ. கார்பெட்டின் எண்களில் இதைச் செய்து பார்க்க ஒரு துண்டுத் தாள் போதும். 118இல் 74 போனால் 44. அதில் 44ஐக் கூட்டினால் 88. 24 போனால் 64. 29ஐக் கூட்டினால் 93. ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடி, வீச்சு குறைந்து, 24ஆம் எண்ணில் 75இல் வந்து நிற்கிறது. ஏறத்தாழ 21 முன்பின் இருக்கலாம். எனவே கார்பெட் மீண்டும் அதே அளவு உழைத்தால் இன்னும் 75 இனங்கள் கிடைத்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அவர் 1948இல் காலமானார். இந்த விடையை அவர் காணவில்லை.

இந்த ஊஞ்சற் கணக்கு ஓர் எல்லைக்குள் மட்டுமே நம்பத்தக்கது. இரு மடங்கு வரை சரி. மூன்று மடங்கு, நான்கு மடங்கு உழைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் ஊஞ்சல் அறுந்து பறக்கிறது. எண்கள் பொருளற்றுப் பெருகுகின்றன. 2016இல் ஆலன் ஆர்லிட்ஸ்கி, ஆனந்த தீர்த்த சுரேஷ், யிஹாங் வூ மூவரும் இவ்வெல்லையை ஆராய்ந்தனர். கணக்கைச் சீர்திருத்தினால், மாதிரி அளவின் மடக்கையைப் பொறுத்த சில மடங்கு தூரம் வரை முன்னோக்கிப் பார்க்கலாம். அதற்கு அப்பால் எந்த வழியாலும் இயலாது என்று நிறுவினர். மாதிரியின் பார்வைக்கு எல்லை எங்கே என்பதையும் கணிதமே சொல்லிவிட்டது.

இந்தக் கணக்கு பூச்சிகளோடு நின்றுவிடவில்லை. 1976இல் பிராட்லி எப்ரான், ரொனால்ட் திஸ்டெட் என்ற இருவர், ஷேக்ஸ்பியருக்கு எத்தனை சொற்கள் தெரிந்திருந்தன என்று கேட்டனர். அவர் எழுதிய மொத்தச் சொற்கள் 8,84,647. வேறு வேறு சொற்கள் 31,534. அவற்றுள் ஒரே ஒரு முறை ஆண்டவை 14,376. கிட்டத்தட்டப் பாதி! அவர் எழுதிய அளவுக்கு இன்னொரு மடங்கு புதிதாகக் கண்டெடுக்கப்பட்டால் அதில் புதிய சொற்கள் 11,430 இருக்கும் என்றது கணக்கு. அறிந்தும் ஆளாத சொற்கள் குறைந்தது 35,000 என்றும் சொன்னது. இது வெறும் விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் 1985இல் ஆக்ஸ்போர்டில் ஒரு பழைய கையெழுத்துப் படியிலிருந்து ஒரு பாடல் ஷேக்ஸ்பியருடையது என்று அறிவிக்கப்பட்டபோது, கணக்குக்குச் சோதனை வாய்த்தது. 429 சொற்கள் கொண்ட பாடல். அவருடையதானால் அதில் ஏழு புதிய சொற்கள் இருக்க வேண்டும், இருந்தவை ஒன்பது. கணக்கு முரணவில்லை. ஆயினும் பாடல் அவருடையதன்று என்று கருதும் புலவர்கள் பலர். நம் கம்பனுக்கும் இப்படி ஒரு சொற்கணக்கை யாரேனும் பொறுமையுள்ளவர் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை எனக்கு உண்டு.

மீண்டும் காட்டுக்குத் திரும்புவோம். காட்டில் இக்கணக்கு விளையாட்டன்று. மலேயாவின் தாழ்நிலக் காடுகளில் பெரும்பகுதி ரப்பருக்கும் பின்னர் எண்ணெய்ப் பனைக்கும் இடம் கொடுத்துவிட்டது. எந்தக் காட்டை விட்டுவைப்பது, எதை வெட்டுவது என்ற முடிவு பல சமயம் ஓர் இனப்பட்டியலைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. ஒரு காட்டில் ஒரு வாரம் தேடினவர் 40 இனங்கள் என்று எழுதுகிறார். மற்றொரு காட்டில் மூன்று மாதம் தேடினவர் 90 என்று எழுதுகிறார் என்று கொள்வோம். முன்னது வளமற்ற காடு என்று தீர்ப்பாகிவிட்டால், தேடியவரின் சோம்பலுக்குக் காடு தண்டனை பெற்றதாகும். 1968இல் கடலடி உயிர்களை ஆராய்ந்த ஹோவர்ட் சாண்டர்ஸ், பெரிய மாதிரியைச் சிறிய மாதிரியின் அளவுக்குக் கணக்காற் சுருக்கி இரண்டையும் ஒப்பிடும் முறையை வகுத்தார். அவர் கணக்கிலிருந்த பிழையை 1971இல் ஹர்ல்பர்ட் திருத்தினார். இம்முறை நேர்மையானது. ஆனால் இதற்கும் ஒவ்வோர் இனத்திலும் எத்தனை என்ற எண் வேண்டும். பெயர்ப்பட்டியல் மட்டும் வைத்திருப்பவருக்கு எந்தக் கணிதமும் உதவாது.

எண்ணாமல் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1982ஆம் ஆண்டுக் கதை ஒன்று போதும். டெரி எர்வின் என்ற அமெரிக்க அறிஞர் பனாமாக் காட்டில் ஒரே வகை மரங்கள் 19க்கு மருந்துப் புகையடித்து, கீழே விழுந்த வண்டுகளைத் திரட்டினார். வண்டினங்கள் மட்டும் 1,200. இவற்றுள் 163 அம்மர வகைக்கே உரியவை என்று மதிப்பிட்டார். உலகில் வெப்பநாட்டு மர வகைகள் 50,000. பெருக்கினால் வண்டுகள் 81,50,000. பூச்சி வகையறாவில் வண்டுகள் நூற்றுக்கு நாற்பது. ஆகவே மரவுச்சியில் மட்டும் இரண்டு கோடி இனங்கள். தரையில் அதில் பாதி. மொத்தம் மூன்று கோடி! எர்வினின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. மரவுச்சியில் ஓர் உலகம் இருக்கிறது என்று அறிவியலுக்குக் காட்டியவர் அவரே. ஆனால் பெருக்கலின் ஒவ்வொரு படியிலும் ஓர் ஊகம் இருக்கிறது. ஒன்றில் சிறிது பிசகினால் கோடிகள் ஆடுகின்றன. 2011இல் கமிலோ மோராவும் உடன் உழைத்தவர்களும் வேறு வழியாகக் கணக்கிட்டபோது, பாக்டீரியா போன்றவை நீங்கலாக உலகின் எல்லா உயிரினங்களுமே 87 லட்சம் என்றுதான் வந்தது.

மூன்று கோடியைவிட நான் மதிப்பது தைவான் நாட்டுப் புள்ளியியல் அம்மையார் ஆன் சாவ் 1984இல் கூறிய அடக்கமான விடையை. காணாத இனங்கள் இத்தனை என்று சொல்ல முடியாது. குறைந்தது இத்தனை என்று சொல்ல முடியும் என்றார் அவர். ஒற்றைகளின் எண்ணிக்கையைத் தன்னால் பெருக்கி, இரட்டைகளின் இரு மடங்கால் வகுத்தால் அந்தக் கீழெல்லை வரும். கார்பெட்டுக்கு 118ஐ 118ஆல் பெருக்கி 148ஆல் வகுத்தால் 94. எனவே 620உடன் 94 சேர்த்துக் குறைந்தது 714 இனங்கள். இன்று மலாய்த் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் அறியப்பட்ட வண்ணத்துப்பூச்சிகள் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும். கார்பெட் வலை வீசிய இடங்கள் தீபகற்பம் முழுவதும் அல்ல என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். கீழெல்லை என்று சொன்னது கீழெல்லையாகவே நின்றது.

2009இல் சாவும் ராபர்ட் கோல்வெல் முதலிய துணைவர்களும், எவ்வளவு மாதிரி போதும் என்ற பழைய வினாவையே நேராக எடுத்துக்கொண்டனர். அக்கீழெல்லையை எட்ட இன்னும் எத்தனை உயிர்களைப் பிடிக்க வேண்டும் என்பதை ஒற்றைகளையும் இரட்டைகளையும் கொண்டு கணக்கிடலாம் என்றனர். கண்ட ஒவ்வோர் இனமும் குறைந்தது இரண்டு முறையாவது வந்துவிட்டால், அதாவது பட்டியலில் ஒற்றைகளே இல்லாமற் போனால், அங்கே நிறுத்திக்கொள்ளலாம். வெப்பக் காட்டில் அந்த நாள் வருவது அரிது. கார்பெட்டிடம் இருந்த ஒற்றைகள் 118. வில்லியம்ஸுக்கு 1935 ஒன்றில் மட்டும் 37.

வில்லியம்ஸின் விளக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் அணைந்தது. 1946இல் மீண்டும் ஏற்றப்பட்டு ஐந்தாண்டு எரிந்தது. பின்னர் 1960இல் அதே வயலில் அதே வகைப் பொறியை வைத்தபோது, ஓராண்டில் விழுந்த அந்துகள் முன்னைவிட மிகக் குறைவாக இருந்தன. இடைக்காலத்தில் சுற்றிலும் வேலிச் செடிகள் அழிந்து உழவு முறையே மாறியிருந்தது. குறைவாக விழுந்தால் இனங்களும் குறைவாகத்தானே தெரியும், இதில் வியப்பென்ன என்று ஒருவர் கேட்கலாம். மாதிரியின் அளவால் மாறாத ஆல்பாவை எடுத்துப் பார்த்தனர். அதுவும் குறைந்திருந்தது. 1968 முதல் ராத்தம்ஸ்டெட் நிலையத்தார் பிரிட்டன் முழுவதும் அத்தகைய விளக்குப் பொறிகளை வைத்து, தொண்டர்களைக் கொண்டு அந்துகளை இனம் இனமாக எண்ணி எழுதி வருகின்றனர்.